மூவலூர் மூதாட்டி

காஞ்சிக்கு அண்மையில் கூரம் என்றொரு சிற்றூர். ஊர் சிறிது, வரலாற்று ஏடுகளில் அதன் பெயரோ பெரிது. ஏழாம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் முதலாம் பரமேசுவரவர்மன் அங்கே ஒரு சிவன் கோயிலுக்கு வழங்கிய கொடை, செப்பேட்டில் பொறிக்கப்பட்டது. பரமேசுவரமங்கலம் என்னும் ஊரைக் கொடுத்து, அதை 25 பங்காக வகுத்தனர். கோயில் வழிபாட்டுக்கும் பழுது பார்ப்பதற்கும் 3 பங்கு. மண்டபத்துக்கு நீரும் நெருப்பும் தர 1 பங்கு. அங்கே பாரதம் படிக்க 1 பங்கு. எஞ்சிய 20 பங்கும் நான்மறை கற்ற இருபதின்மருக்கு! பாலாற்றிலிருந்து கால் வெட்டி நீர் கொணர்ந்து ஏரியை நிரப்பிய செய்தியும் அதே செப்பேட்டில் உண்டு. கால் வெட்டியவர் யார், மண் சுமந்த பெண்டிர் யார் என்று நாம் கேட்டால் செப்பேடு வாய் திறவாது. வேந்தன் பெயர் இருக்கிறது; வேதியர் பங்கு இருக்கிறது; பாரதம் படிப்போன் பங்குகூட இருக்கிறது. கூடை சுமந்த கைக்கு ஒரு வரி இல்லை.

அதே ஊரின் இன்னொரு புகழ், கூரத்தாழ்வான். இராமாநுசரின் மாணாக்கர். பெருஞ்செல்வத்தைத் துறந்து, மனைவி ஆண்டாளுடன் இரவிலே திருவரங்கம் நோக்கி நடந்தாராம். காட்டு வழியில் அம்மையார் அஞ்சினாராம். மடியில் கனம் உண்டோ என்று கணவர் வினவ, தாங்கள் உண்பதற்கென்று பொன் வட்டில் ஒன்று எடுத்து வந்தேன் என்றாராம் அவர். வாங்கி வீசினார் ஆழ்வான் என்று முடிகிறது கதை. வீசியவரின் துறவை நூற்றாண்டுகளாகப் பேசுகின்றனர். நாளை இவர் எதில் உண்பார் என்று கவலைப்பட்டவளின் அன்போ, அவளுடைய பேதைமைக்குச் சான்றாகச் சொல்லப்படுகிறது! கதைதான். எனினும் கதை கட்டியோர் பெண்ணை எவ்விடத்தில் நிறுத்தினர் என்பது இதிலே நன்றாகத் தெரிகிறது.

பழங்கதையை விடுவோம். காஞ்சியின் நெசவாளர் தெருவுக்கு வருவோம். கோர்வைப் பட்டுச் சேலை என்றால், உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம். மூன்று நாடாக்கள் ஓடவேண்டும். ஒருவர் கையால் ஆகாத வேலை. நெய்பவர் ஒருபுறம், கரையின் நாடாவைத் தள்ளுபவர் மறுபுறம். தார் சுற்றுவதும் இழை பிணைப்பதும் வீட்டுப் பெண்டிர் பொறுப்பு. சேலை முடிந்து கடைக்குப் போனால், நெய்தவர் என்று சொல்லப்படுவது ஆண்மகன் பெயர். அத்தகைய வீட்டிலே ஒரு மூதாட்டி மறைந்தால், கூடியிருப்போர் சொல்லும் சொற்கள் நமக்குத் தெரியும்: "குடும்பத்துக்காகவே வாழ்ந்தார், குலப் பெருமையைக் காத்தார்." நல்ல சொற்கள்தாம். அன்பினால் வரும் சொற்கள். ஆயினும் தோழர்களே, அச் சொற்களுக்குள்ளே ஒரு கேள்வி உறங்குகிறது. குலத்துக்குத் தொண்டு செய்வது என்றால், குல வழக்கத்தைக் காப்பதா? குலத்திலே பிறந்த பெண்ணைக் காப்பதா? இரண்டும் ஒன்றாக இருக்கும் வரை கவலை இல்லை. இரண்டும் எதிரெதிர் நின்று மல்லுக்கட்டினால், எந்தப் பக்கம் சேர்வது?

இக் கேள்விக்குத் தம் வாழ்வையே விடையாகத் தந்த மூதாட்டி ஒருவர் இருந்தார். கூரத்தவர் அல்லர், காவிரிக் கரையினர். காஞ்சியோடு அவருக்குத் தொடர்பு உண்டு. அதைப் பின்னர்க் கூறுவோம். மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் என்றால் தமிழகம் அறியும். அறியும் என்கிறோம், பெயரை அறியும். அப் பெயருக்குள் இருந்த வாழ்வை எத்தனை இளைஞர் அறிவர்?

பெண்களின் பெயரைக் கல்லில் வெட்டிய இடமே தமிழ்நாட்டில் இல்லையா என்று கேட்கலாம். உண்டு. தஞ்சைப் பெரிய கோயிலுக்குச் செல்லுங்கள். தளிச்சேரிப் பெண்டுகள் நானூற்றுவரின் பெயர்களை முதலாம் இராசராசன் வெட்டி வைத்திருக்கிறான். இன்ன கோயிலிலிருந்து வந்தவள், இன்ன சிறகில் இன்ன வீடு, இன்ன பெயர் என்று வரிசை வரிசையாக! ஆளுக்கு ஒரு பங்கு. பங்கு ஒன்றுக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல். பல கோயில்களிலிருந்து அவர்களைக் கொண்டுவந்தான்; திருவாரூர்க் கோயில்களிலிருந்து வந்தோரும் அவர்களிலே உண்டு. அந்நாளில் அவர்கள் பெற்ற மதிப்பு வேறு, பிற்காலத்தில் நேர்ந்த இழிவு வேறு என்று அறிஞர் கூறுவர், ஒப்புகிறோம். ஆனால் இதைக் கவனியுங்கள். மண் சுமந்தவளின் பெயரை எழுத மறந்த கல், தார் சுற்றியவளின் பெயரை எழுத நினையாத ஏடு, கோயிலுக்கு உரியவளின் பெயரை மட்டும் வீட்டு எண்ணோடு எழுதி வைத்தது. கணக்குப் பார்க்க வேண்டிய உடைமைக்குத்தானே கணக்கு எழுதுவார்கள்!

அந்தத் திருவாரூரில், 1883-ஆம் ஆண்டு, இராமாமிர்தம் பிறந்தார். தந்தை கிருட்டிணசாமி, தாய் சின்னம்மாள். வறுமை. தந்தை பிழைப்புத் தேடிச் சென்னைக்குப் போய்விட்டார். கையில் குழந்தையோடு நின்ற தாய், அதை ஒரு தாசியின் வீட்டிலே விட்டார். விலை, பத்து ரூபாயும் ஒரு பழைய சேலையும். விட்ட இடத்திலிருந்துதான் அவர் மாயவரத்தை அடுத்த மூவலூரின் மகளாக வளர்ந்தார். பெற்ற ஊர் பெயரோடு ஒட்டவில்லை. வளர்ந்த ஊர் ஒட்டியது.

தாயைப் பழிக்க நமக்கு மனம் வரவில்லை. வாங்கியவளைப் பழிக்கவும் நாம் விரைய மாட்டோம். ஏன் வாங்கினாள் என்று கேட்போம். கோயில் ஊழியத்துக்கென்று மானிய நிலம் விடப்பட்டிருந்தது. வீட்டிலே ஒருத்தி பொட்டுக் கட்டிக்கொண்டு ஊழியம் செய்யும் வரை நிலம் வீட்டுக்கு; ஊழியம் நின்றால் நிலம் கோயிலுக்கு. ஆகவே முதியவளுக்குப் பின் ஓர் இளையவள் வேண்டும். பெற்ற மகள் இருந்தால் அவள், இல்லையேல் தத்து, தத்தும் கிடைக்காவிடில் விலை. பெண் பிறந்தால் மகிழ்ந்த ஒரே குலம் எங்கள் குலம் என்று சிலர் பெருமை பேசினர். ஆம், மகிழ்ந்தனர். நிலம் தங்கியது என்ற மகிழ்ச்சி அது! சிறுமியைத் தீய தொழிலுக்கென விற்பதும் வாங்குவதும் குற்றம் என்று 1860-ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம், 372, 373-ஆம் பிரிவுகளில் சொல்லிவிட்டது. சட்டம் ஏட்டில் இருந்தது. சிறுமி கோயில் வாயிலில் நின்றாள். தெய்வத்துக்கு மணம் முடிக்கிறோம் என்றனர். தெய்வம் சோறு போடாது. ஆகவே மிராசுதார் வந்தார். கடவுளின் பெயரால் கட்டிய தாலியை மனிதனின் பணம் ஆண்டது. பழைய மிராசுதார் போனால் புதிய மைனர். அவள் 'நித்திய சுமங்கலி'யாம்! கணவன் சாகாத நல்வாழ்வு! அவளுக்குப் பிறந்த பிள்ளைகள் தந்தையின் பெயரைக் கேட்டால், தாய் தலை குனிய வேண்டும். இந்த ஏற்பாட்டுக்குத்தான் குலத்தொழில் என்று பெயர். குலத்தொழிலைக் காப்பவள்தான் குடும்பத்துக்கு உழைப்பவள் என்று பெயர்.

இராமாமிர்தத்துக்கும் பருவம் வந்தது. இசையும் நடனமும் கற்றாயிற்று. வயது முதிர்ந்த செல்வர் ஒருவருக்கு அவரை முடித்துவைக்கப் பேச்சு நடந்தது. இளம்பெண் மறுத்தார். தமக்கு இசை கற்பித்த சுயம்புப் பிள்ளையையே வாழ்க்கைத் துணையாகத் தேர்ந்தார். வளர்த்தோர் வெகுண்டனர், சுற்றத்தார் தூற்றினர். ஒருவனுக்கு ஒருத்தியாக வாழ்வேன் என்று ஒரு பெண் சொன்னதற்குத் தூற்றல்! வேறு தெருவிலே அதையே கற்பு என்று போற்றினர். ஒரே செயல் ஒரு தெருவில் அறம். அடுத்த தெருவில் குலத்துரோகம். மனு எழுதிய ஏட்டின் மாண்பை என்னென்பது!

தாம் தப்பினால் போதும் என்று அவர் இருந்திருக்கலாம். பலர் அப்படித்தான் இருந்தனர். அதில் குற்றமும் இல்லை. அம்மையாரோ வெளியே வந்த கதவைத் திறந்தே வைத்தார். பொட்டுக் கட்டுவதை விட்டொழியுங்கள் என்று வீடு வீடாகச் சென்றார். தாய்மாரிடம் பேசினார், பாட்டிமாரிடம் வசை வாங்கினார். ஏச்சு, இழிமொழி, அவதூறு எல்லாம் வந்தன. வசை பாடியவர்களில் பெரும்பாலோர் அவரது சொந்த இனத்தவர் என்பதுதான் இதிலே கசப்பான பகுதி. வெளியார் ஏசினால் வீரத்தோடு எதிர்க்கலாம். உறவினர் ஏசும்போது, அவர்கள் வீட்டுப் பெண்ணுக்காகத்தான் வந்தேன் என்று எப்படி மெய்ப்பிப்பது? மாயவரத்தில் இசை வேளாளர் மாநாடு கூட்டினார், பெரியாரும் திரு. வி. க.வும் அங்கே வந்து பேசினர். பெண்கள் பொட்டை அறுத்துக்கொண்டு மணம் செய்து கொள்ளவேண்டும், ஆண்கள் அவர்களை மணக்க முன்வர வேண்டும் என்பதே அம்மையாரின் கோரிக்கை. இரண்டாம் பாதியைக் கவனியுங்கள். முதற் பாதிக்குக் கைதட்டியோர் பலர். இரண்டாம் பாதிக்கு எழுந்து நின்றோர் சிலர்.

அந்நாளில் அவர் காங்கிரசில் இருந்தார். கதர் மூட்டையைத் தோளில் சுமந்தார். 1923-ஆம் ஆண்டு காக்கிநாடா மாநாட்டுக்குக் கொடிக்குத் தடை என்றவுடன் கொடியையே சேலையாக உடுத்திச் சென்றார் என்று அவர் வரலாற்றை எழுதியோர் கூறுவர். மேடையில் பேசத் தடை விதித்தபோது, கரும்பலகையில் எழுதிக் காட்டினார் என்பதும் அவரைப் பற்றிப் பலரும் சொல்லும் செய்தி. பள்ளிக்கூடம் அவருக்கு வாய்க்கவில்லை. பலகை மட்டும் பயன்பட்டது!

இனிக் காஞ்சிக்கு வருவோம். 1925 நவம்பரில், திரு. வி. க. தலைமையில், தமிழ்நாடு காங்கிரசு மாநாடு காஞ்சியிலே கூடியது. வகுப்புவாரி உரிமைத் தீர்மானத்தைப் பெரியார் கொணர்ந்தார், ஏற்க மறுத்தனர், அவர் வெளியேறினார். பெரியாரோடு காங்கிரசை விட்டவர்களில் மூவலூர் அம்மையாரும் ஒருவர். இது முதல் தொடர்பு. சுயமரியாதை மேடை அவருக்குக் கிடைத்தது. அந்த மேடைக்கு ஓர் அனுபவம் கிடைத்தது என்றும் சொல்லலாம். பெண்ணடிமை பற்றி நூல் படித்துப் பேசியோர் நடுவே, அதை விலைச்சீட்டோடு அறிந்தவர் அவர்.

சட்டமன்றத்தில் அதே போரை வேறொரு பெண்மணி நடத்திக் கொண்டிருந்தார். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. புதுக்கோட்டையில் 1886-இல் பிறந்தவர். தாய் சந்திரம்மாள் இசை வேளாளர். சென்னைச் சட்டமன்றத்தின் முதற் பெண் உறுப்பினர். 1927-இல் அவர் பொட்டுக்கட்டை ஒழிக்கும் தீர்மானத்தைக் கொணர்ந்தார். 1929-இல் வந்த சட்டத் திருத்தம், நாம் மேலே சொன்ன முடிச்சை அவிழ்த்தது. மானிய நிலத்தைக் கோயில் ஊழியத்திலிருந்து பிரித்து, அதை அனுபவிக்கும் பெண்ணுக்கே உரிமையாக்கியது. மகளைத் தராவிடினும் நிலம் போகாது! ஆயிரம் சொற்பொழிவு அசைக்காத கல்லை அந்த ஒரு பிரிவு அசைத்தது என்பது நம் கருத்து. பொட்டுக் கட்டுவதையே தடுக்கும் மசோதாவை அவர் 1930-இல் கொணர்ந்தபோது, அம்மையார் வெளியே நின்று அதற்கு வலுத் தேடினார். சத்தியமூர்த்தி போன்றோர் எதிர்த்தனர்; கலை அழியும், சமயம் சிதையும் என்றனர். அவ்வளவு உயர்ந்த தொண்டாயின் உங்கள் வீட்டுப் பெண்களை அனுப்புங்கள் என்று சட்டமன்றத்தில் விடை கூறப்பட்டதாக மேடைகளில் சொல்வர். ஒருசாரார் அதை முத்துலட்சுமி அம்மையாருக்கும், மற்றொரு சாரார் மூவலூராருக்கும் உரிமையாக்குவர். மூவலூரார் சட்டமன்ற உறுப்பினராக இருந்ததே இல்லை. வாயில்லாதவர் என்று கருதப்பட்ட ஒரு குலத்துக்கு இரண்டு வாய்கள் கிடைத்ததால் வந்த குழப்பம் என்று கொள்வோம்.

நேர்மையாகப் பேசவேண்டும் எனில், எதிர்ப்பு மிராசுதாரிடமிருந்து மட்டும் வந்ததன்று. தேவதாசிகளே விண்ணப்பம் எழுதினர். பெங்களூர் நாகரத்தினம்மாள், திருவையாற்றில் தியாகராசருக்கு நினைவிடம் எழுப்பியவர், எதிர்த்தோரில் முன்னணியில் நின்றார். நாங்கள் கலைஞர், எங்களுக்குச் சொத்துரிமை உண்டு, கல்வி உண்டு, வேசியரோடு எங்களைச் சேர்த்து எண்ணாதீர் என்பது அவர்கள் வாதம். அதிலே உண்மை இல்லாமல் இல்லை. குடும்பப் பெண்ணுக்கு எழுத்து மறுக்கப்பட்ட காலத்தில் அவர்களிடம் ஏடு இருந்தது. காஞ்சியிலேயே தனகோடி அம்மாள் பாடிய பாட்டும், அவர் மரபில் வந்த நயினாப் பிள்ளையின் லயமும் இசையுலகம் தலை வணங்கியவை. ஆனால் கேள்வி இதுதான். நாகரத்தினம்மாளுக்குக் கிடைத்த மதிப்பு, பத்து ரூபாய்க்கு வந்த சிறுமிக்குக் கிடைத்ததா? சிகரத்தைக் காட்டி மலையடிவாரத்தை மறைக்கலாகாது. அதே வேளையில் ஒன்றையும் மறுக்க மாட்டோம். 1935-இல் ருக்மிணி தேவி அடையாற்றில் ஆடினார். அடுத்த ஆண்டு கலாட்சேத்திரம் தோன்றியது. சதிர் பரதநாட்டியம் ஆயிற்று. உயர்குலப் பெண்கள் ஆடினால் கலை, பழைய குலத்துப் பெண் ஆடினால் இழிவு என்றாயிற்று. அவ்வினத்து ஆடவரின் நாதசுரத்துக்கும் நட்டுவாங்கத்துக்கும் மேடை நிலைத்தது. மேடையை இழந்தவர் பெண்கள். சீர்திருத்தம் விலங்கை உடைத்தது சரி. கையிலிருந்த கலையைப் பறித்துப் பிறரிடம் கொடுத்தது யார் நீதி? அம்மையாரின் மீது இப் பழியைப் போட நாம் ஒருப்படோம். அவர் கேட்டது விடுதலை. கலையின் பட்டாவை மாற்றி எழுதியோர் வேறு.

விடுபட்ட பெண் எங்கே போவாள்? இதுவும் பேச்சாளர் பலர் மறந்த கேள்வி. முத்துலட்சுமி அம்மையார் தம் வீட்டு வாயிலுக்கு வந்த சிறுமிகளை விடுதிகள் ஏற்க மறுத்ததால், ஔவை இல்லத்தையே தொடங்கினார். மூவலூர் அம்மையாரிடம் இல்லம் கட்டப் பணம் இல்லை. அவர் மாப்பிள்ளை தேடினார்! மேடையிலே பேசிவிட்டு, இறங்கி வந்து, இந்தப் பெண்ணுக்கு ஒரு நல்ல இளைஞன் உண்டா என்று கேட்டார். சுயமரியாதைத் திருமணங்களை முன்னின்று நடத்தினார். விற்கப்பட்ட சிறுமி, ஊரார் பெண்களுக்கெல்லாம் தாய்வீடு ஆனார்.

1936-இல் ஒரு நாவல் எழுதி வெளியிட்டார். 'தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்' என்பது பெயர். காந்தா, கானவதி என்ற தாசிச் சகோதரியர். அவர்களை ஆட்டிவைக்கும் தாய் போகசிந்தாமணி. வலையில் விழும் மைனர் சோமசேகரன். பணம் கறக்கும் உத்திகள், மந்திர மாயப் பித்தலாட்டங்கள், கோயிலாரின் கூட்டு, எல்லாம் உள்ளிருந்து பார்த்தவர் கையால் வருகின்றன. புலவர் நடை அன்று, மேடை நடை. இடையிடையே கதை நின்று சொற்பொழிவு நடக்கும். இலக்கியத் தராசைத் தூக்குவோர் தூக்கட்டும். நமக்கு வேறொரு குறை உண்டு. தலைப்பு வலையைத் தாசியின் கையில் கொடுக்கிறது. வலைக்கு நூல் விற்றவர் யார், அதைக் கோயில் மதிலில் காயவைத்தவர் யார் என்பதைக் கதைக்குள்ளே சென்றுதான் காண வேண்டியிருக்கிறது. படித்த ஆண்கள் பலர் தலைப்போடு நின்று, பெண்ணைப் பழித்து மகிழ்ந்திருக்கவும் கூடும். ஆனால் எழுதியவரின் நோக்கம் அதுவன்று. தாசியர் தாமே எழுந்து தம் விலங்கை உடைக்கும் வழியையும் அந்நூல் காட்டுகிறது. அவர் பின்னர் எழுதிய 'தமயந்தி' என்ற தொடர்கதை, 1945-இல், அண்ணா காஞ்சியிலிருந்து நடத்திய 'திராவிட நாடு' கிழமை ஏட்டில் வெளிவந்தது. காஞ்சியோடு உள்ள இரண்டாம் தொடர்பு இது. செப்பேட்டிலே பெண்ணுக்கு வரி ஒதுக்காத அந்த வட்டாரத்தில், தாள் ஏட்டிலே ஒரு மூதாட்டிக்குத் தொடர்ந்து இடம் கிடைத்தது.

1938-ஐப் பேசாமல் இவர் வரலாறு நிறையாது. இராசாசி அமைச்சரவை பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கியது. ஆகஸ்டு 1-இல் திருச்சியிலிருந்து தமிழர் பெரும்படை புறப்பட்டது. குமாரசாமிப் பிள்ளையும் பட்டுக்கோட்டை அழகிரியும் நடத்திய படை. செப்டம்பர் 11-இல் சென்னை சேர்ந்தது. 42 நாட்கள்! வழியெங்கும் ஊர் ஊராகக் கூட்டம். அந்த இளைஞர் கூட்டத்தோடு நடந்தார் அம்மையார். வயது 55. பேரப் பிள்ளைகளைக் கொஞ்சிக் கொண்டு திண்ணையில் அமரும் வயது என்று நம் ஊர் கணக்கிடும் வயது. கால் வீங்கியதா, எங்கே படுத்தார் என்றெல்லாம் எவரும் எழுதி வைக்கவில்லை. படைத் தலைவர்கள் பேசியவை எழுதப்பட்டன.

அதே ஆண்டு நவம்பர் 13-இல், சென்னையில், நீலாம்பிகை அம்மையார் தலைமையில் தமிழ்நாட்டுப் பெண்கள் மாநாடு. ஈ. வெ. ரா.வுக்குப் 'பெரியார்' என்னும் பட்டத்தைப் பெண்கள் வழங்கிய மாநாடு அதுவே. மறுநாள், நவம்பர் 14-இல், இந்து தியாலசிகல் பள்ளியின் முன்னே மறியல். டாக்டர் தர்மாம்பாளும் மூவலூர் அம்மையாரும் தோழியரும் கைதாயினர். கைக்குழந்தையோடு வந்தோரும் அவர்களிலே இருந்தனர். அம்மையாருக்கு ஆறு வாரச் சிறை. அந்தப் போரில் சிறை புகுந்த பெண்கள் 73 பேர். தாயரோடு சென்ற குழந்தைகள் 32. குடும்பப் பெண்கள் வெளியே வருவார்களா என்று ஐயுற்றவர்கள், குடும்பமே சிறைக்குள் போனதைக் கண்டனர். அவர்கள் நடுவே மூவலூரார் நின்றதை நாம் தனியே நினைக்கிறோம். 'தாசி குலத்தவள்' என்று ஒதுக்கப்பட்டவரும், ஊர் மதிக்கும் வீட்டு மருமகளும் ஒரே சிறையில், ஒரே குவளையில் கூழ் குடித்தனர்.

1947-இல் தேவதாசி ஒழிப்புச் சட்டம் நிறைவேறியது. மசோதா கொணர்ந்த 1930-லிருந்து எண்ணினால் பதினேழு ஆண்டுகள். அன்று பிறந்த சிறுமி பருவமெய்தும் காலம் முழுவதும், சட்டம் கோப்பிலே உறங்கியது.

1949-இல் பெரியார் மணியம்மையாரை மணந்தார். இயக்கச் சொத்துக்கு வாரிசு ஏற்பாடு என்று அவர் விளக்கம் தந்தார். அம்மையார் ஏற்கவில்லை. அண்ணாவோடு திராவிட முன்னேற்றக் கழகத்துக்கு வந்தார். இதைப் பற்றி இரு தரப்பிலும் நிறைய எழுதியாயிற்று. நாமும் சேர்த்து எழுதப் போவதில்லை. ஒன்றை மட்டும் நினைவூட்டுவோம். இளமையில், முதியவர் ஒருவரை மணக்க மறுத்து வீட்டை விட்டவர் அவர். எழுபது வயதுத் தலைவரே ஆயினும், இளம்பெண்ணை மணப்பது என்ற பேச்சு அவர் காதில் எப்படி ஒலித்திருக்கும் என்பதை, கட்சிக் கணக்கை ஒதுக்கி வைத்துவிட்டு எண்ணிப் பார்க்கலாம். தலைவரிடம் கால் நூற்றாண்டு கொண்ட பற்றைவிடத் தாம் கற்ற பாடம் பெரிது என்று நின்றார். பகுத்தறிவு என்பதைப் பெரியாரிடம் கற்றவர், அதைப் பெரியாரிடமே பயன்படுத்தினார்.

1962 சூன் 27-இல் அம்மையார் மறைந்தார். வயது 79. அவர் மறைந்த நாளில், அவர் நடத்தி வைத்த திருமணங்களுக்குச் சட்டத்தில் இடம் இல்லை. ஐயர் இல்லாமல், அக்கினி வலம் வராமல் நடந்த சுயமரியாதைத் திருமணம் செல்லாது என்று சென்னை உயர்நீதிமன்றம் 1950-களில் தீர்ப்புரைத்திருந்தது. எண்ணிப் பாருங்கள்! பொட்டை அறுத்து வெளியே வந்தாள் ஒருத்தி. மனைவி என்ற மதிப்பை நாடி, மாலை மாற்றி மணந்தாள். நீதிமன்றம் சொல்கிறது: நீ மனைவி அல்லள்! கோயில் தாலி கட்டியபோதும் மனைவி அல்லள். மனிதன் மாலையிட்டபோதும் மனைவி அல்லள். அந்த வழுவைத் துடைத்தது, 1967-இல் அண்ணாவின் ஆட்சி இயற்றிய திருத்தச் சட்டம். முன்னே நடந்த சுயமரியாதைத் திருமணங்களும் செல்லும் என்று அது கூறியது. ஐந்தாண்டு பொறுத்திருந்தால் அம்மையார் கண்டிருப்பார்.

1989-இல் கலைஞர் கருணாநிதி, அதே திருவாரூர்ப் பக்கத்தில், அதே இசை வேளாளர் குலத்தில் பிறந்தவர், முதலமைச்சராக இருந்தபோது, ஏழைப் பெண்களின் திருமண உதவித் திட்டத்துக்கு அம்மையாரின் பெயரைச் சூட்டினார். எட்டாம் வகுப்பு வரை படித்த பெண்ணுக்கு 5,000 ரூபாய். தொகையைவிட நிபந்தனையே நுட்பமானது: மணத்துக்கு உதவி வேண்டுமா, மகளைப் படிக்க வை! பின்னர்த் தொகை வளர்ந்தது. படிப்பின் அளவும் வளர்ந்தது. 2011-இலிருந்து தாலிக்குப் பொன்னும் சேர்ந்தது. தாலிக்குப் பொன் கொடுக்கும் திட்டத்துக்கு, தாலியின் பெயரால் நடந்த வாணிகத்தை எதிர்த்தவரின் பெயர் என்பதில் நமக்கு ஒரு நெருடல் இருந்ததுண்டு. 2022-இல் அது மாறியது. அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் படித்து உயர்கல்விக்குச் செல்லும் பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய் என்றாயிற்று. புதுமைப் பெண் என்று ஊரார் அழைக்கும் அத் திட்டத்தின் முழுப் பெயரில் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் இருக்கிறார்.

கூரம் போன்ற சிற்றூர்களின் அரசுப் பள்ளிகளில் படித்து, காஞ்சிக் கல்லூரிகளுக்குப் பேருந்தேறும் பெண்களுக்கும் அத் தொகை உரியது. தறிவீட்டில் தார் சுற்றிய பாட்டியின் பேத்தியும் அவர்களில் ஒருத்தியாக இருப்பாள். திங்கள்தோறும் அவள் வங்கிக் கணக்கில் ஏறும் அந்த ஆயிரம் ரூபாய், தகப்பன் பெயரிலோ அண்ணன் பெயரிலோ அன்று, அவள் பெயரில் வருகிறது.